காவிரி மணலில் அம்மாவின் ஊசி

திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் எல்லோரும் காபியைத் தேடுவார்கள், போர்ட்டரைத் தேடுவார்கள். நான் ஐஸைத் தேடினேன்.

என் தோளில் தெர்மாஸ் பிளாஸ்க் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அம்மாவின் இன்சுலின் குப்பிகள். மலாயாவில், ஈப்போ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அங்கே வார்டுக்கு ஒரு குளிர்ப்பெட்டி உண்டு. கப்பலில் சமையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஐஸ் வாங்கிவிட்டேன். ரயிலில் மட்டும் யாரைக் கெஞ்சுவது என்று தெரியவில்லை. இறங்கும்போது பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தால் வெறும் தண்ணீர்ச் சத்தம். வெளியே சித்திரை வெயில் காலை நேரத்திலேயே கொளுத்திக்கொண்டிருந்தது.

அம்மாவை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வெளியே ஓடினேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சோடாக்கடை. கடைக்காரர் வயதான முஸ்லிம். மரத்தூளுக்குள் புதைத்துவைத்திருந்த ஐஸ் பாளத்தைக் காட்டி, "எத்தனை பாளம் வேணும்? கலியாணமா, மையத்து எடுக்கிற வீடா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லைங்க. ஒரு கைப்பிடி போதும். மருந்துக்கு."

அவர் என்னையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டி, கண்ணாடித் துண்டுகள் மாதிரி நொறுக்கிப் போட்டார். காசை நீட்டினேன், வாங்கவில்லை. "மருந்துக்குன்னா வேணாம்மா. ஷிபா, சுகம் கொடுக்கிறது அல்லா. நாளைக்கும் வாங்க, மரத்தூளுக்குள்ளே இருக்கும்."

திரும்பி வந்தால் அம்மா சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்கு வந்தவளைப் போல மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். "எதுக்கு இந்த ஓட்டம்? இன்னும் ஒரு நாள்தானே? அப்புறம் இந்த பிளாஸ்க்கிலே நல்ல காபி ஊத்திக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

இதுதான் எங்கள் பயணத்தின் கதை. திருச்சியில் காவிரி மணலில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடக்கிறது, போதகர் ஒருவர் கை வைத்தால் வியாதி விலகுகிறது என்று அம்மா கேள்விப்பட்டுவிட்டாள். பல வருஷமாகத் தினமும் காலையில் என்னிடம் ஊசி குத்திக்கொண்டவள். "போகும்போது ஊசி, வரும்போது ஊசி இல்லை" என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினாள். ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டு எங்கள் வார்டுக்குத் தூக்கிவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் கண் விழிக்கவே இல்லை. அதனால்தான் லீவு போட்டுவிட்டு, பிளாஸ்க்கோடு கூடவே வந்தேன்.

எனக்கு விசுவாசமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஞானஸ்நானம் பெற்றவள்தான். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லையென்றால் கோயிலுக்குப் போவேன். கர்த்தரால் முடியாதது ஒன்றுமில்லை என்று நானும் நம்புகிறேன். ஆனால் இன்சுலினைக் கண்டுபிடிக்க வைத்ததும் அவர்தானே என்று அம்மாவிடம் கேட்டால், "நீ படிச்ச திமிர்ல பேசறே, எஸ்தர்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கூட்டத்துக்கு வந்தவர்களால் திருச்சியில் விடுதிகள் நிரம்பிவிட்டன. எங்களுக்குத் தங்க இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? ஸ்ரீரங்கத்தில், அதுவும் ஓர் ஐயங்கார் வீட்டில். ஆராவமுது மாமா ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் கோமளம் மாமியும் ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஜட்கா வண்டி ஒன்று பிடித்தோம். காவிரிப் பாலத்தின் நடுவில் குதிரை நின்றுவிட்டது. "என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்கம்மா, ஆத்துல தண்ணி வந்திருக்கான்னு பாக்கும். பாத்துட்டு நகந்துடும்" என்றார் வண்டிக்காரர் அமைதியாக. பார்த்தது. தண்ணீர் வரவில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்ததோ என்னவோ, ஒரே பாய்ச்சலாகக் கிளம்பியது. பின்னால் கட்டியிருந்த என் டிரங்குப் பெட்டி கீழே விழுந்து வாயைப் பிளந்துகொண்டது. பூப்போட்ட நைலக்ஸ், ஊதா வாயில், புதிதாக வாங்கிய மஞ்சள் பட்டு, எல்லாம் குதிரைச் சாணத்தில். எதிரே வந்த பஸ் ஒன்று மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. தப்பியது, ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்து ஆராதனைக்கென்று செய்தித்தாளில் சுற்றி அடியில் வைத்திருந்த வெள்ளைப் புடவை மட்டும்தான்.

"வாங்கோ வாங்கோ. காலை அலம்பிண்டு உள்ளே வாங்கோ" என்று மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சாணிப் புடவைகளைப் பார்த்து அவள் முகம் சுளிக்கவில்லை. வாளியில் முக்கி வைத்தாள். எங்களுக்கு மாடி அறை. மாமிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரே ஒரு சிக்கல், சாப்பாடு. அந்த வீட்டில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாமல் ஒரு பருக்கை வெளியே வராது. படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பதில் அம்மா இரும்பு. ஈப்போவில் இருக்கும்போதே இரண்டு பேரும் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்களுக்கென்று ஒரு சின்ன வெண்கலப் பானையில், வேறு அடுப்பில், தனியாகச் சமைத்துவிடுவாள் மாமி. இருந்தாலும் இலை போட்டதும் அம்மா கேட்காமல் இருக்கமாட்டாள். "மாமி, இது அந்தப் பானையா, இந்தப் பானையா?"

"உங்க பானைதான், சாப்பிடுங்கோ. பெருமாள் எட்டிக்கூடப் பாக்கலை" என்பாள் மாமி.

ஈப்போவில் மழை பெய்யாத சாயங்காலம் அபூர்வம். இங்கே மொட்டை மாடியில் சூட்டில் கால் வைக்க முடியவில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் அங்கேதான் எங்கள் பரிசோதனைச் சாலை அமைந்தது. சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அம்மாவின் சிறுநீர் சில சொட்டுகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. மாமா சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு பக்கத்திலேயே குந்திக்கொண்டார். "எத்தனை வருஷமாச்சு ஒரு கெமிக்கல் ரியாக்ஷனைப் பார்த்து! பச்சை, எஸ்தர், பச்சை. பேஷ்."

"முடிஞ்சதும் தலையோட ஸ்நானம் பண்ணிட்டுத்தான் கீழே வரணும்" என்று மாமி படியிலிருந்தே உத்தரவு போட்டாள்.

பச்சை என்றால் பரவாயில்லை. ஊசி போட்டேன். "கடைசி ஊசி" என்று அம்மா கையைத் தடவிக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தகராறு. நகை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மேல் அந்தக் கூட்டத்தார் கை வைக்கமாட்டார்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் கம்மலையும் கழற்றினாள். என் கம்மல், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். மற்றதில் கறை போகாததால் புடவையோ வெள்ளை ஒன்றுதான். நான் கீழே இறங்கி வந்ததும் மாமி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஏண்டி எஸ்தர், கல்யாணம் ஆகாத பொண்ணு, காதும் கழுத்தும் மூளியா எங்கே கிளம்பறே?" ஒரு ரோஜாப்பூவையாவது வைத்துக்கொள் என்று கெஞ்சினாள். அம்மா அதற்கும் விடவில்லை. தெருவில் நடந்தபோது எதிரே வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று, நான் போன பிறகு நடந்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புருஷனே இல்லாமல் விதவையாகிவிட்டேன்.

கூட்டம் அக்கரையில். பஸ் ஏற வேண்டியதில்லை, ஆற்றில் இறங்கி நடந்தே போகலாம். நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான். அந்த மணலில் எங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே ஜனம். மாட்டு வண்டிகள் மணலில் புதைந்து நிற்க, ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கட்டிலோடு தூக்கி வரப்பட்டவர்கள், கழுத்தில் தாயத்தோடு வந்தவர்கள், நெற்றியில் திருநீறோடு வந்தவர்கள். எனக்கு முன்னால் நடந்த ஒருவர் கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார்: "உப்பிலியபுரத்திலேர்ந்து ராத்திரியே வண்டி கட்டிட்டோம். மாரியாத்தாளுக்கும் வேண்டியிருக்கேன். இவரு வேற சாமி ஆளா இருந்தா என்னங்க, இடுப்பு வலி எல்லாருக்கும் ஒரே வலிதானே."

பந்தலைப் பார்த்ததும் என் நெஞ்சு படபடத்தது. நான் வேவு பார்க்க வந்தவள், படபடப்பு என்னை ஏன் தொட வேண்டும்? ஆனால் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி, ஆர்மோனியமும் டோலக்கும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கைகள் ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பித்தபோது, என் கையும் தட்டியது. ஈப்போவில் எங்கள் கோயிலில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் தும்மினாலும் திரும்பிப் பார்ப்போம். இங்கே பாட்டுப் பாடிக்கொண்டே ஒருவர் அழுதார், ஒருவர் சிரித்தார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

போதகர் குள்ளமான மனிதர். வெள்ளை ஜிப்பா. குரல் மட்டும் மலைக்கோட்டை உச்சிவரை போகும். நீண்ட பிரசங்கம் இல்லை. "இத்தனை பேருக்கும் நான் ஒருவனே கை வைக்க முடியாது. வந்திருக்கும் ஊழியக்காரர்களும் ஊழியக்காரிகளும் எழுந்து ஆளுக்கொரு வரிசையில் நிற்கட்டும்" என்றார்.

அங்கங்கே வெள்ளை வேட்டிகளும் வெள்ளைப் புடவைகளும் எழுந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சபைகளில் முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்ட பெண்களுக்கு அடையாளமே அதுதான்: வெள்ளைப் புடவை, ஒரு பொட்டு நகைகூட இல்லாத காது, கழுத்து. உட்கார்ந்திருந்த என்னை ஒரு தொண்டர் வந்து எழுப்பினார்.

"ஊழியக்காரம்மா, அந்தக் கோடி வரிசையை நீங்க பாத்துக்குங்க."

"நான் ஊழியக்காரி இல்லைங்க."

அவர் சிரித்தார். "பெரிய ஊழியக்காரங்க எல்லாருமே இப்படித்தாம்மா சொல்லுவாங்க. வாங்க."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கனவே மேடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள். என்னைத் தொண்டர் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் தலைப்பில் நிறுத்திவிட்டார். முதலில் இருந்தவள் மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வேலை செய்பவள். உமித் தூசியில் நெஞ்சு அடைத்துப்போய் மூச்சு விசில் அடித்தது. என் இரண்டு கைகளையும் பிடித்து அவளே தன் தலையில் வைத்துக்கொண்டாள். இனி என்ன செய்வது? கண்ணை மூடினேன். "கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்கு மூச்சைக் கொடும்" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் தோள் தளர்ந்தது, அழுதாள். வார்டில் எத்தனையோ பேரைத் தொட்டிருக்கிறேன், நாடி பார்க்க, காய்ச்சல் பார்க்க. யாரும் இப்படி முழுசாகத் தங்களை என் கையில் விட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது; அடுத்த தலைக்குக் கை தானாகவே போனது.

ஐந்தாறு பேரைத் தாண்டியிருப்பேன். ஒரு கிழவரின் வழுக்கைத் தலையில் கை வைத்திருந்தபோது ஒலிபெருக்கியில் தெரிந்த குரல் ஒன்று கேட்டது.

"நான் மலாயாவிலேர்ந்து வந்திருக்கேன். எனக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி. போதகர் ஐயா கை வெச்சதும் உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் சூடா இறங்குச்சு. எனக்குப் பூரண சுகம். இனிமே ஊசி கிடையாது."

மணல் அதிர அல்லேலூயா முழங்கியது. என் கை அந்தக் கிழவர் தலையிலேயே இருந்தது. "அந்தம்மா புண்ணியவதி" என்றார் அவர்.

மறுநாள் காலையில் நான் ஊசியைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தபோது அம்மா வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சரி, சோதித்தாவது பார்க்கலாம் என்றேன். "கர்த்தரை யாராவது சோதனைக் குழாயில போட்டுக் காய்ச்சுவாங்களா?" என்றாள். வண்ணம் பார்க்க மாடிக்கு வந்த மாமா ஏமாந்துபோய் இறங்கிவிட்டார்.

"அம்மா, சுகமானது சுகமானதாவே இருக்கட்டும். ஊசியை மெதுவா குறைக்கலாம்."

"அத்தனை ஜனங்க முன்னால சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன். மேடையில ஒண்ணு, மாடியில ஒண்ணா?"

அன்று மத்தியானம் மாமி அக்காரவடிசல் செய்தாள். ஸ்ரீரங்கத்து அக்காரவடிசலைப் பற்றி எழுத ஒரு தனிக் கட்டுரை வேண்டும். பாலில் குழைந்த அரிசி, வெல்லம், விரலை எடுத்தால் மின்னுகிற நெய். "எந்தப் பானை?" என்று அம்மா வழக்கம்போலக் கேட்டாள். "உங்களுக்குன்னு தனியாத்தான் பண்ணினேன். ஆனா உங்களுக்கு ஆகாதே, ஒரு ஸ்பூன்..." என்று மாமி இழுத்தாள். அம்மா இலையை முன்னால் தள்ளினாள். "நல்லாப் போடுங்க மாமி. நான் இப்ப நோயாளி இல்லை." மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பல வருஷத்து ஆசை. அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட அழகைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அன்று சாயங்காலக் கூட்டத்துக்கும் போனாள். என்னைக் கூப்பிடவில்லை; நானும் போகவில்லை. மாமாதான் துணைக்குப் போனார். திரும்பி வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். படுக்கும் முன்னால் இன்னொரு செம்பு. மூன்றாம் நாள் விடிந்தபோது மாடியில் வைத்திருந்த பானை காலி. "காவிரியில தண்ணி ஏன் இல்லைன்னு இப்பத்தான் தெரியறது" என்று மாமி வேடிக்கையாகச் சொன்னாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பின்கட்டில் அம்மா போய்விட்டு வந்த இடத்தைக் காட்டினாள். சுவரோரம் கறுப்பாக எறும்பு. சோதனைக் குழாயே வேண்டாம். செங்கல் நிறம் என் கண்ணெதிரே இருந்தது.

மத்தியானம் அம்மா படிக்கட்டில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். "வெயில்" என்றாள். உதடு உலர்ந்திருந்தது. நாக்கைப் பார்க்க விடவில்லை. இவளை இந்த ஊரில் பறிகொடுத்துவிட்டு நான் தனியாகக் கப்பல் ஏறப்போகிறேனா?

ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அம்மா கேட்கக்கூடியவர் அந்தப் போதகர் ஒருவர்தான். மறுபடியும் வெள்ளைப் புடவையைக் கட்டினேன். அம்மா சொல்லாமலே நகைகளைக் கழற்றினேன். கொதிக்கவைத்த ஊசியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு எஃகுப் பெட்டியில் மூடி, அதையும் பிளாஸ்க்கையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மாமாவின் யோசனைப்படி ஈர மணலில் புதைத்துவைத்த பானைக்குள் இன்சுலின் நன்றாகவே குளிர்ந்திருந்தது; அதிலிருந்து ஒரு குப்பியைத்தான் பிளாஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். அம்மாவை மெல்ல அழைத்து வரும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு முன்னால் ஓடினேன்.

போதகரைப் பார்க்க வாசலில் பெரிய வரிசை. எனக்கு மட்டும் எல்லோரும் வழிவிட்டார்கள். புடவை அப்படி. மேடைக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் மிகவும் களைத்த மனிதர், குரல் கம்மிப்போயிருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மருந்தை விடச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லையேம்மா" என்றார்.

"அதையே மைக்ல சொல்லுங்கய்யா. எங்கம்மா உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "இத்தனை ஜனம் நம்பி வந்திருக்கு. மருந்தையும் எடுத்துக்கோன்னு நான் மேடையில சொன்னா, இவனுக்கே நம்பிக்கை இல்லைன்னு பாதி பேர் எழுந்து போயிடுவாங்க. அந்தத் தைரியம் எனக்கு இல்லைம்மா. பொய் சொல்லலை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வரிசையில நிக்கிறவங்கதானே? உங்க வரிசையில நீங்க சொல்லுங்க. கை வைக்கிறவங்க சொன்னா ஜனங்க கேப்பாங்க. நான் தடுக்கமாட்டேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கொஞ்சம் பரிதாபமும் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அன்று தொண்டர் வந்து எழுப்பவேண்டியிருக்கவில்லை. நானே போய்க் கோடி வரிசையில் நின்றேன். கை வைத்தேன், பெயரைக் கேட்டேன், வியாதியைக் கேட்டேன், ஜெபித்தேன். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். காசநோய் மாதிரி இருமியவரிடம், "நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இது என் வார்த்தை." கால் புண்ணில் சாம்பல் அப்பியிருந்தவளிடம், "இதைக் கழுவிட்டு டாக்டர்கிட்டே காட்டணும். ஜெபத்தை விடக்கூடாது, மருந்தையும் விடக்கூடாது." எல்லோரும் "சரிங்கம்மா" என்றார்கள். வார்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கிடைக்காத சரிங்கம்மா. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. குரல் உயர்ந்தது. பக்கத்து வரிசைக்காரர்கள் நகர்ந்து என் வரிசைக்கு வந்தார்கள். நான் யார், இவர்களுக்குக் கட்டளையிட எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்ற கேள்வி ஒரு கணம் வந்தது. நிற்க நேரமில்லாமல் அது போய்விட்டது.

மாமாவும் அம்மாவும் எப்போது வந்தார்கள் என்று கவனிக்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்தபோது, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் போதகர் பேசிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த தடவை நிமிர்ந்தபோது பந்தல் காலருகே மாமா மட்டும்தான் இருந்தார். எங்கேயாவது விழுந்துவிட்டாளா? மாமா என் வரிசையைக் கையால் காட்டினார்.

அம்மா வரிசையில் நின்றிருந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு, கடைசிக்கு முந்தின ஆளாக.

ஓடிப்போய் அவளை முன்னால் அழைத்து வந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். அம்மாவின் பிடிவாதம் எனக்குத் தெரியும். மேடையில் சாட்சி சொன்னவள் மகளிடம் வந்து ஊசி போடு என்று கேட்கமாட்டாள். செத்தாலும் கேட்கமாட்டாள். ஆனால் ஊழியக்காரி ஒருத்தி சொன்னால் கேட்கலாம், அது கீழ்ப்படிதல். அவள் அந்த வழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு, தள்ளாடிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். நான் குறுக்கே போனால் அது போய்விடும். முன்னால் இருந்தவர்களுக்கு அவசரமில்லாமல் கை வைத்தேன்.

அவள் முறை வந்தது. மணலில் முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லோரையும் கேட்டதுபோலவே கேட்டேன். "உங்க பேர் என்ன?"

"ஞானசௌந்தரி."

"என்ன வியாதி?"

"சர்க்கரைங்கம்மா. ரொம்ப தாகமா இருக்கு. கண்ணு மங்குது." குரல் தாழ்ந்தது. "பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அம்மா என்னிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதே இல்லை. தலையில் இரண்டு கையையும் வைத்தேன். அத்தனை பேருக்கும் தடையில்லாமல் வந்த வார்த்தை, இப்போது வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "கர்த்தாவே, இவங்களை எனக்கு விட்டுவையும். எனக்கு வேற யாரும் இல்லை." அம்மா ஆமென் சொன்னாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும்தான்.

"ஜெபம் பண்ணியாச்சு" என்றேன். "இனிமே தினமும் ஊசி போட்டுக்கணும். ஒரு நாளும் விடக்கூடாது. இது என் வார்த்தை."

"சரிங்கம்மா" என்றாள் என் அம்மா.

கண்ணைத் திறக்காமலே இடது ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு நீட்டினாள். நான் மணலிலேயே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பெட்டியையும் குப்பியையும் எடுத்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அளவு பார்த்து மருந்தை ஏற்றினேன். மாமா மேல்துண்டை விரித்து மறைத்துக்கொண்டார். ஊசி இறங்கும்போது அம்மா வழக்கம்போல ஸ்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

துண்டை விலக்கியதும் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற குடியானவர் மணலில் முழங்கால் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டித் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார்.